பேசாதவனுக்கு எழுதிய வசனம்

"எழுதறது தவம், வரம் அப்படின்னு யாராவது சொன்னா காதைப் பொத்திக்குங்க" என்றது ஃபோனுக்குள்ளிருந்த குரல். "பல் தேய்க்கிறோமே, அது மாதிரிதான் இதுவும். மனசு வந்தாத்தான் பல் தேய்ப்பேன்னு உக்காந்திருந்தா பக்கத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க. வாசகரும் அப்படித்தான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சலவைக்கடையின் பின்னறையில், பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே நின்று சத்தம் வராமல் சிரித்தாள். காதில் மாட்டியிருந்த ஒயரை முடிக்குள் மறைத்திருந்தாள்.

கதை வெளியிடும் ஆப் ஒன்று, தன்னிடம் எழுதுகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை இலவசமாக நடத்தும் வகுப்பு அது. வகுப்பெடுக்கும் பெண்ணுக்குச் சின்னவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மூச்சு விடாமல் பேசுவாள். கேள்வி இருந்தால் கேட்கச் சொல்வாள். சின்னவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கடையில் அவளுடைய வேலைக்கும் பேச்சு தேவையில்லை. வருகிற துணிகளின் பைகளைத் துழாவ வேண்டும். கறை இருக்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட வேண்டும். எண் எழுதிய துண்டை ஊசியால் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரிடம் முகம் கொடுக்கும் முன்மேசையை முதலாளியம்மா அவளிடம் விட்டதே இல்லை.

பத்தாம் வகுப்பின் நடுவில் அப்பா படுத்த படுக்கையானார். வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது, அவள் இருந்தாள். அப்பா போன பிறகு, திரும்பப் பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. போகட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' சொல்வதற்கே தொண்டையைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருந்தவளுக்கு ஒரு தொல்லை விட்டது போலத்தான் இருந்தது.

"என்ன தங்கச்சி, ஃபோனுக்குள்ளயே குடித்தனம் போயிடுவே போலிருக்கே" என்றார் இஸ்திரி போடும் நீராவி அண்ணன். நாள் முழுக்கக் கொதிநீர்ப் புகைக்குள் நிற்பதால் வந்த பெயர். "உள்ள இடம் இருந்தா எனக்கும் ஒரு ரூம் பார்த்து வை. இங்க வேகுது."

அவள் ஒயரைக் கழற்றிப் பையில் திணித்தாள்.

அந்த ஆப்பில் அவள் எழுதிவந்த கதைக்கு 'அறையில் இரண்டு பேர்' என்று பெயர் வைத்திருந்தாள். எழுதுகிறவளுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மழைக்கோட்டு'. தோன்றியபோது ஒரு அத்தியாயம் போடுவாள். பிறகு இரண்டு வாரம் எட்டிப் பார்க்க மாட்டாள். படித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களிலும் பாதிப் பேர், 'அருமை தோழி, என் கதையையும் படியுங்கள்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்.

வகுப்பில் சொன்னதை அவள் அப்படியே செய்யத் தொடங்கினாள். தினமும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். சனங்கள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்காரும் நேரமாகப் பார்த்து ஏழு மணி என்று வைத்துக்கொண்டாள். கையிருப்பு வேண்டும் என்றார்கள். பஸ்ஸிலும், கடை திறக்கும்வரை படிக்கட்டிலும், மதியம் டிபன் டப்பாவை மூடிய கையோடும் எழுதி, முன்கூட்டியே ஏற்றி வைத்தாள். நாளும் நேரமும் குறித்துவிட்டால் ஆப் தானாகவே வெளியிட்டுவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பாதி திறந்த கதவு மாதிரி விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும் என்றார்கள். அது மட்டும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாக்கியத்தைப் பாதியில் விட்டே பழகியவள்.

எண்கள் ஏறின. முதலில் மெதுவாக, பிறகு அவளுக்கே பயமாக இருக்கும் அளவுக்கு. ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படும் மேல் வரிசையில் ஒருநாள் அவள் கதை வந்து நின்றது. அங்கேதான் அவள் அக்கா, பெரியவள், அதைப் பார்த்தாள்.

*

பெரியவள் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து நாலைந்து மாதமாகிறது. அடித்தானா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேறு பெண்? அதெல்லாம் இல்லை. அப்புறம் என்னதான் குறை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் பதில் இல்லை. அவன் பேச மாட்டான், அவ்வளவுதான்.

எப்போதும் அல்ல. ஏதோ ஒன்று பிடிக்காமல் போகும். தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்கு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்திருப்பாள். அன்றோடு வாயை மூடுவான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒருமுறை மாதக்கணக்கில். சமைத்ததைச் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், அவள் நிற்கும் இடத்தில் யாரும் நிற்காதது போல நடந்து போவான். என்ன தப்பு செய்தேன் என்று அவள் அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். பிறகு ஒருநாள் காலையில், "டீ இருக்கா?" என்பான். அவள் ஓடிப்போய்ப் போடுவாள்.

இதையெல்லாம் பெரியவள் துண்டு துண்டாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொல்லாத ஒன்றும் இருந்தது. வந்த புதிதில் ஒரு மத்தியானம், தண்ணீர் குடிக்க எழுந்த சின்னவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே குழாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இரு, இரு, அவசரப்படாதே. இந்தக் குக்கரை முடிச்சிடறேன். நீ சாப்பிட்டியா?" என்றாள். கேலி இல்லை. பழகிய குரல்.

சின்னவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்தாள். அன்றைக்குத்தான் கதையின் முதல் அத்தியாயத்தை எழுதினாள். வீட்டை மாற்றினாள், வேலையை மாற்றினாள், குழாயை மின்விசிறியாக மாற்றினாள். கதையின் பெண் விட்டத்தைப் பார்த்துப் படுத்தபடி மின்விசிறியோடு பேசுவாள். வாசகர்கள் அவளுக்கு 'ஃபேன்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

*

அம்மா ஒரு கேக் கடைக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டையாக வரும் அட்டைகளைக் கோட்டில் மடித்து, காதுகளைச் செருகிப் பெட்டியாக்க வேண்டும். கண் மங்கிவிட்டதால் எழுத்துப் படிக்க முடியாது, ஆனால் கைக்கு மடிப்புக் கோடு தெரியும். சாயங்காலங்களில் பெரியவளும் கூட உட்காருவாள். சின்னவள் கடையிலிருந்து வந்து கால் கழுவிய ஒரு சாயங்காலம், அந்தக் கூடத்தில் தன் வாக்கியம் சத்தமாகக் கேட்டது.

"'அவர் அவளைத் தாண்டிப் போனார். நாற்காலியைத் தாண்டுகிறவன்கூட நாற்காலியைப் பார்த்துத்தான் தாண்டுவான்.'" பெரியவள் ஃபோனைத் தாழ்த்தினாள். "அம்மா, கேட்டியா? கேட்டியா இதை?"

"கேக்கறேன், படி" என்றாள் அம்மா.

சின்னவள் துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே நின்றாள். முகம் காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"ஏய் சின்னவளே, இங்க வா. மழைக்கோட்டுன்னு ஒருத்தி எழுதறா. எந்த ஊர்க்காரியோ. அப்படியே என் வீடுடி. நான் சொல்லிக் கேட்டு எழுதின மாதிரி."

"உன் மாதிரி உலகத்துல நீ ஒருத்திதானா?" என்றாள் அம்மா.

"அதைத்தாம்மா சொல்றேன்." பெரியவளின் குரல் தழைந்தது. "இவ்வளவு நாளா நான் ஒருத்திதான்னு நினைச்சேன். சொன்னா சிரிப்பாங்கன்னு நினைச்சேன். எங்கயோ இன்னொருத்தி இதே மாதிரி ஒரு வீட்டுல இருந்திருக்கா. இருந்திருந்தாத்தான் இப்படி எழுத முடியும். நான் குழா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "இவ ஃபேனோட பேசறாம்மா."

"பாவம்" என்றாள் அம்மா.

அக்கா, அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. சின்னவள் வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் பெரியவளின் முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒன்று இருந்தது. துணைக்கு ஆள் கிடைத்தவளின் முகம் அது. சொன்னால் அந்த ஆள் போய்விடுவாள். தங்கைதான் மிஞ்சுவாள்.

"டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு ஏழு மணி என்பது அந்த வீட்டில் ஒரு நேரமாகிவிட்டது. பெரியவள் படிப்பாள், அம்மா மடிப்பாள், சின்னவள் சுவரோடு உட்கார்ந்து தன் எழுத்தைக் கேட்பாள். எங்கே இழுவையாக இருக்கிறது, எங்கே அக்காவின் குரல் தடுக்குகிறது என்று காது சொல்லிவிடும். மறுநாள் அப்படிப்பட்ட வாக்கியங்களை வெட்டுவாள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

பெரியவள் தேறினாள். தலை வாரினாள். தெருமுனையில் இருந்த மருந்துக்கடையில் ஆள் வேண்டும் என்ற அட்டையைப் பார்த்து உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். இடையில் புருஷன் வீட்டிலிருந்து அவருடைய அண்ணன் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு சொல்லச் சொன்னார். வருகிறாயா, பிரிவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறாயா.

"என்னடி சொல்லப் போறே?" என்றாள் அம்மா.

"ஃபேன்காரி என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று பெரியவள் சிரித்தாள்.

"விளையாட்டா இருக்கா உனக்கு?"

"விளையாட்டில்லம்மா. அவ போகாம இருந்துட்டான்னா எனக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும். அவ்வளவுதான்."

சின்னவள் அதைக் கேட்டாள். ஃபேன்காரி போக மாட்டாள் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். கடைசி அத்தியாயத்தில் அவள் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுப்பாள். பக்கத்து அறைக்காரியோடு வாய் ஓயாமல் பேசுவாள். அதை மனதுக்குள் பலமுறை எழுதிப் பார்த்திருந்தாள்.

*

"வாசகரைச் சும்மா உக்கார வைக்காதீங்க" என்றது குரல், அந்த வார வகுப்பில். "வேலை கொடுங்க. கேள்வி வையுங்க, ஓட்டுப் போடச் சொல்லுங்க. ஹீரோயின் இவனைக் கட்டலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கன்னு விட்டுப் பாருங்க, வீட்டுக் கல்யாணம் மாதிரி அடிச்சுக்குவாங்க. ஆனா ஒண்ணு. ஜெயிச்சது எதுவோ அதைத்தான் எழுதணும். ஓட்டை வாங்கிட்டு ஏமாத்துறவங்க ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. நீங்களும் சேராதீங்க."

சின்னவளுக்கு உடல் சிலிர்த்தது. எண்களுக்காக மட்டும் அல்ல. அக்கா பார்க்கும்படி ஆயிரம் பேர் ஒரே குரலில், போகாதே என்று சொல்வார்கள். தான் ஒருத்தி சொல்ல முடியாததை அத்தனை பேர் சேர்ந்து சொல்வார்கள். இத்தனை நாள் அந்த வீட்டைப் படித்தவர்கள் வேறு எதைச் சொல்ல முடியும்?

அடுத்த அத்தியாயத்தின் கீழே எழுதினாள்: 'அவள் திரும்பிப் போகலாமா, வேண்டாமா? நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.'

மூன்று நாள் திறந்து வைத்திருந்தாள். முதல் நாள் துணிகளின் பைகளைத் துழாவ மறந்து, யாருடைய கோட்டிலோ இருந்த பேனா இயந்திரத்துக்குள் போய் மை கக்கியது. முதலாளியம்மா வெளுத்து வாங்கினார். அது அவள் காதில் ஏறவில்லை. 'போகலாம்' என்ற பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது.

'பாவம், அவரும் மனுஷன்தானே. அவரைப் பேச வையுங்கள் மழைக்கோட்டு.'

'எத்தனை நாள்தான் அழ வைப்பீர்கள்? வாழ்க்கையில்தான் பிரிவு. கதையிலாவது சேர்த்து வையுங்கள்.'

'அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை நீங்கள் காட்டவே இல்லை. அது நியாயமா?'

வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல் போனார்கள்.

சாயங்காலம் பெரியவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நீ என்னடி போடுவே?"

"வேண்டாம்னு போடு" என்றாள் சின்னவள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"பார்றா, இதுக்குக் கோபம் வருது." பெரியவள் விரலால் திரையைத் தொட்டாள். "நான் போகலாம்னு போட்டுட்டேன். எனக்குத்தான் அமையலை. அவளாவது நல்லா இருக்கட்டுமே."

*

மூன்றாம் நாள் முடிவில் 'போகலாம்' ஜெயித்தது. ஜெயித்ததைத்தான் எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடியாதா என்று சின்னவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். கதையை அப்படியே நிறுத்திவிடலாம். நீங்கள் எல்லாம் சொன்னது தப்பு என்று ஒரு வரி போட்டுவிடலாம். ஆனால் மேல் வரிசையில் அவள் கதை நின்றது. தினமும் முகம் தெரியாதவர்கள் நலம் விசாரித்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் வாயைத் திறந்தால் கேட்கக் கூட்டம் இருந்தது. போகலாமா என்று அவர்களைக் கேட்டவளும் அவள்தான்.

அதோடு, எழுத உட்கார்ந்ததும் இன்னொன்று நடந்தது. எழுத்து தானாக வந்துவிட்டது. கொதிநீர்ப் புகைக்கும் தொங்கும் துணிகளுக்கும் நடுவே, ஒரு ஸ்டூலில், பேசாதவன் பேசத் தொடங்கினான்.

'நான் உன்னைத் தண்டிக்கவில்லை. எனக்குள் ஒரு கதவு இருக்கிறது. அது சாத்திக்கொண்டால் எனக்கே திறக்கத் தெரியாது. நீ வெளியே நின்று அழுவது கேட்கும். எழுந்து வரக் கால் இருக்காது. காலையில் டீ இருக்கா என்று கேட்பேனே, அதுதான் எனக்குத் தெரிந்த மன்னிப்பு. நீ ஓடிப்போய்ப் போடுவாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.'

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது அடைத்துக்கொண்ட தன் தொண்டையிலிருந்து வந்திருக்கலாம். அக்கா புருஷனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் அவளிடம் பேசியது, "அக்கா எங்கே?" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

அவள் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. மேலும் ஒரு வாரத்துக்கான அத்தியாயங்களை ஒரே மூச்சில் எழுதி, நாள் நேரம் குறித்து ஏற்றி வைத்தாள்.

"என்ன தங்கச்சி, அழறியா?" என்றார் நீராவி அண்ணன்.

"புகைண்ணா."

"அது என் பக்கம்ல அடிக்குது."

அந்த அத்தியாயத்தைப் பெரியவள் பாதிவரைதான் சத்தமாகப் படித்தாள். 'டீ இருக்கா' என்ற இடத்தில் குரல் நின்றது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மடித்துக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அவரும் அப்படித்தாம்மா கேப்பார்" என்றாள் பெரியவள். "இதே வார்த்தை. எனக்கு இது தோணவே இல்லையே. நான் ஓடிப்போய்ப் போட்டேனே தவிர, ஒருநாளாவது அவர் முகத்தைப் பார்த்தேனா?"

"அது கதை, அக்கா" என்றாள் சின்னவள்.

"கதைதான். யாரோ ஒருத்தன் சொல்லாம அவளுக்கு எப்படித் தெரியும்? அவ வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். இவ எழுதிட்டா. எல்லா ஆம்பளையும் வாயைத் திறந்து சொல்லிடுவானா?"

"எல்லாரும் ஒரே மாதிரியாக்கா?"

"உனக்கென்னடி தெரியும்?" என்றாள் பெரியவள். கடிந்து சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவளின் புருஷன் ஃபோனில் கூப்பிட்டார். பெரியவள் ஃபோனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் ஒளிர்ந்தது.

"என்ன சொன்னார்?" என்றாள் அம்மா.

"'வந்துடு'ன்னார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அவருக்குப் பேச வராதும்மா. ஆனா அந்த 'வந்துடு'ல எல்லாம் இருந்தது. இப்ப எனக்குக் கேக்கத் தெரியுது."

சின்னவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவள் பெட்டியை மூட உட்கார்ந்தாள். மருந்துக்கடையில் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவள், "வந்துட்டார்டி! தானே வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கார்" என்றாள். கீழே அவர் வண்டிக்குள்ளேயே இருந்தார். இறங்கவில்லை, மேலே பார்க்கவும் இல்லை.

"போகாதேக்கா" என்றாள் சின்னவள்.

"இதென்ன புதுசா? நீ வாயைத் திறந்து ஒண்ணு கேக்கறதே அதிசயம். அதையும் போகாதேன்னா கேப்பே?"

"அந்தக் கதையை நான்தான் எழுதறேன்."

பெரியவள் சிரித்தாள். "சரி. நான்தான் நாட்டுக்கு ராணி. அந்த நைட்டியை எடு."

சின்னவள் தன் ஃபோனைத் திறந்து நீட்டினாள். எழுதுகிறவர்களுக்கு மட்டும் திறக்கும் பக்கம். மழைக்கோட்டு என்ற பெயர், கதையின் படம், கீழே இன்னும் வெளிவராத அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக வரப்போகும் நாள். பெரியவள் நின்றபடி வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஃபேன்?" என்றாள்.

"குழாய்."

பெரியவளின் முகம் வெளிறியது. "எப்போ கேட்டே?"

"ஒரே ஒரு தடவை. நீ குக்கர் தேய்க்கும்போது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா? ஊரே படிச்சிருக்கு." கோபம் வரப் பார்த்தது, ஆனால் நிற்காமல் கடந்து போனது. அவள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். "அவர் பேசறாரே, அது யார் சொன்னது?"

"நானா எழுதினது."

"யாரையாவது கேட்டு எழுதியிருப்பே."

"இல்லக்கா."

"எங்கயாவது படிச்சிருப்பே."

"இல்ல. எல்லாரும் அவரைப் பேச வைக்கச் சொன்னாங்க. அவர் என்ன பேசணும்னு தோணுச்சோ அதை எழுதினேன். அப்படி யாரும் எங்கயும் பேசலக்கா."

பெரியவள் ஃபோனைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

"அப்போ அங்க யாருமே இல்லை" என்றாள்.

கீழே இருப்பவரைச் சொல்கிறாளா, தன்னைப் போலவே எங்கேயோ இருந்த அந்த இன்னொருத்தியைச் சொல்கிறாளா என்று சின்னவள் கேட்கவில்லை.

பெரியவளின் ஃபோன் ஒருமுறை அடித்து நின்றது. நேரமாகிறது என்று அர்த்தம்.

"இப்பவும் போறியா?"

"வரேன்னு சொல்லிட்டேன். வந்து நிக்கிறார். இப்ப வேண்டாம்னா என்னன்னு சொல்வேன்? என் தங்கச்சி கதை எழுதிட்டாள்னா?" பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். துணி சிக்கியது. சின்னவள் குனிந்து துணியை உள்ளே தள்ளிக்கொடுத்தாள், பெரியவள் மூடினாள். பிறகு தன் ஃபோனை எடுத்து அந்த ஆப்பின் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று தொட்டாள்.

"நல்லாத்தான் எழுதறேடி" என்றாள் வாசலில். "நான் வேற யாரோன்னே நம்பிட்டேன்."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். வழியில் சாப்பிடக் கட்டிய பொட்டலம் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பொட்டலத்தைக் கொடுத்தாள், மகளின் கன்னத்தைத் தொட்டாள். பெட்டி படிக்கட்டில் தட்டித் தட்டி இறங்கியது. கீழே அவர் இறங்கி வந்து பெட்டியை வாங்கவில்லை. பெரியவளே பின்கதவைத் திறந்து தூக்கி வைத்தாள்.

*

அன்று ஏழு மணிக்கு ஆப் தானாக அடுத்த அத்தியாயத்தை வெளியிட்டது. ஃபேன்காரியும் அவள் புருஷனும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பேசி விடிய வைக்கும் அத்தியாயம். சின்னவளின் ஃபோன் அடங்காமல் துடித்தது. கண்ணீர் வந்துவிட்டது மழைக்கோட்டு. இதைத்தான் எதிர்பார்த்தோம். இப்படி ஒரு புருஷன் எல்லோருக்கும் அமையட்டும். வகுப்பெடுக்கும் பெண்கூடக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள்: "கலக்கிட்டீங்க! அடுத்த வகுப்புல உங்களைத்தான் உதாரணமா சொல்லப் போறேன். பேசறீங்களா?"

சின்னவள் ஃபோனைக் குப்புற வைத்தாள். அம்மா விளக்கடியில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்ததால் மடிக்காத அட்டைகள் சரிந்து அங்கேயும் கிடந்தன.

"நீதானாமே" என்றாள் அம்மா, கையை நிறுத்தாமல்.

"ம்."

"எனக்குத்தான் கண்ணு தெரியாது. காதாவது உன் பேச்சுன்னு கண்டுபிடிச்சிருக்கணும். நீ எங்க பேசினே, கண்டுபிடிக்க?" ஒரு பெட்டியை முடித்து ஓரமாக வைத்தாள். "சரி. போனதும் கதையைக் கேட்டுத்தானே போனா? அப்ப அவளைத் திரும்ப வர வெச்சிடு. நாளைக்கே எழுது. அந்த ஃபேன்காரி பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டான்னு எழுது."

"அக்கா இனிமே படிக்க மாட்டாம்மா. என் கண் முன்னாடியே ஆப்பை எடுத்துட்டா."

"யாராவது சொல்லுவாங்க."

"யாரு சொல்வாங்க? அந்த வீட்டுல யாரு பேசறாங்க?"

அம்மாவின் கை நின்றது.

சின்னவள் ஃபோனைத் திருப்பி எடுத்தாள். எழுதுகிற பக்கத்தைத் திறந்து, முன்கூட்டி ஏற்றி வைத்திருந்த அத்தியாயங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். மேசை, பேச்சு, விடியல், கை கோத்த நடை, எல்லாம் போயின. நாளைக்கு ஏழு மணி என்ற இடம் வெள்ளையாக நின்றது. முதல் வரி எழுத விரலை வைத்தாள். இந்த நேரம் அக்கா அங்கே என்ன செய்வாள்? சாப்பாடு எடுத்து வைத்திருப்பாளா? அவர் வழியில் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாரா? மனம் திறந்து பேசுகிறவராக அவரை எழுதிப் பழகிய விரல் அசையவில்லை.

"என்ன எழுதறே?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா. அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

"இதுவரைக்கும் தெரிஞ்சா எழுதினே?" என்றாள் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே அது புரியவில்லை. சின்னவள் எழுதுவாள் என்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.